சமாதானபுரம் ரவுண்டானா

முதலில் கேட்டது அவளுடைய சிரிப்பு. போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவின் வாசலில் நெளிந்தும் உடைந்தும் நின்ற வண்டிகளுக்கு நடுவே தன் ஸ்கூட்டரைத் தேடிக்கொண்டிருந்த ஜெபசிங்குக்கு, உள்ளேயிருந்து வந்த அந்தச் சத்தம் யாருடையது என்று உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் கால் நின்றுவிட்டது. எப்சிபாதான். இத்தனை வருஷமாக ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், ஒரே சபையில் ஒரே பெஞ்சில் பக்கத்தில் இருக்கிற அவன் மனைவிதான். அவளுக்கு இப்படித் தொண்டையைத் திறந்து, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு சிரிக்க வரும் என்பதையே அவன் மறந்து போயிருந்தான். முருகன்குறிச்சியில் தன் கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தவன், அவர் மூக்கில் மாட்டிய சோதனைச் சட்டத்தைக் கழற்றாமலேயே பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறான். "சமாதானபுரம் ரவுண்டானாவுல சின்ன ஆக்சிடெண்ட், ஸ்கூட்டர் உங்க பேருல இருக்கு சார், ஆர்.சி.ய எடுத்துக்கிட்டு ஸ்டேஷன் வரைக்கும் வாங்க, வீட்டம்மாவுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல" என்று போனில் பெண் காவலர் ஒருத்தி சொன்னாள். அந்தப் 'பெருசா' தொண்டையில் மீன்முள் மாதிரி குத்தி நின்றது. பெரிதாக இல்லையென்றால் சிறிதாக என்ன? கால் முறிவு பெரிதா சிறிதா? தலையில் தையல் போடுவது எதில் சேரும்? வழி நெடுக அவளை ரத்தத்தோடும் கட்டோடும் ஸ்ட்ரெச்சரோடும் பார்த்துப் பார்த்து, ஆண்டவரே ஆண்டவரே என்று முனகிக்கொண்டே வந்தவனுக்கு, அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் வந்திருக்க வேண்டியது நிம்மதி. வந்தது அது இல்லை. உள்ளே தூங்கிக் கிடந்த ஏதோ ஒரு பிராணி மெல்லப் புரண்டு படுத்தது.

உள்ளே சுவரோரமாக மர பெஞ்சு. ஒரு முனையில் எப்சிபா, முழங்கையில் பஞ்சும் பிளாஸ்திரியும், சேலையில் மண். மறுமுனையில் ஒரு ஆள். ஐம்பதைத் தொட்டிருப்பான், முன்வழுக்கை, சட்டைப் பொத்தானைச் சோதிக்கிற தொந்தி, வெயிலில் அலைந்து கறுத்த கழுத்து. பார்த்த மாத்திரத்தில் இவனா என்று ஒரு அலட்சியம் வந்தது. அந்த அலட்சியம் முழுசாக வந்து சேர்வதற்குள் கண் கீழே இறங்கிவிட்டது. எப்சிபாவின் கையில் ஒரு மூக்குக்கண்ணாடி. அதை அவள் முந்தானை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆளின் கண்ணாடியை. ஊதி ஊதித் துடைத்தாள். விபத்தில் கீழே விழுந்ததாக இருக்கும், தூசி படிந்திருக்கும், இவள் எடுத்திருப்பாள், அதெல்லாம் சரி. ஆனால் துடைக்கிறதை அவன் துடைத்துக்கொள்ளக் கூடாதா, அவனுக்குக் கையில்லையா? கடை முழுக்கக் கண்ணாடியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தன் கண்ணாடியை அவள் ஒருநாளாவது வாங்கித் துடைத்திருக்கிறாளா? முந்தானையால் துடைத்தால் லென்சில் கீறல் விழும் என்று ஒரு தடவை தானே கடிந்துகொண்டது ஞாபகம் வந்தது. அதற்கப்புறம்தான் அவள் தொடாமல் விட்டாளோ? அதை நினைக்கப் பிடிக்காமல் அவன் அந்தச் சட்டத்தைப் பார்த்தான். மட்டமான சட்டம். தன் கடையில் வாங்கியது இல்லை. அதில் ஒரு சின்னத் திருப்தி.

"வந்துட்டியளா" என்றாள் எப்சிபா, சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சமிருக்க. அவன் வந்ததால் அது அணைந்ததா, அணைகிற நேரத்தில் அவன் வந்தானா? "சாருதான் காருல வந்தவங்க. கால்நடைத் துறையில ஆய்வாளரு. கோமதிநாயகம்னு பேரு." அந்த ஆள் எழுந்து கும்பிட்டான். "ஒண்ணும் பயப்படாதிய சார், டீச்சருக்குச் சிராய்ப்பு மட்டுந்தான். சும்மா இருந்தா டீச்சருக்குப் படபடப்பா இருக்கும்னு நான்தான் எருமைக் கதையச் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஊசியப் பாத்ததும் எருமை அப்படியே நின்னுச்சு சார், எருமைக்காரன்தான் ஓடிட்டான்." டீச்சராம். இடித்துத் தள்ளிவிட்டு டீச்சராம். அவள் ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் என்பது அதற்குள் இவனுக்கு எப்படித் தெரிந்தது? பேர் தெரிந்திருக்கிறது, வேலை தெரிந்திருக்கிறது, எருமை வரைக்கும் போயிருக்கிறார்கள். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறார்கள்? டீத் தம்ளர் இரண்டு பெஞ்சுக்கடியில் காலியாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் ஏன் தனக்குப் போன் பண்ணவில்லை? போலீஸ் கூப்பிட்டுத்தான் தெரிய வேண்டியிருக்கிறது, அதுவும் ஆர்.சி.க்காக. ஆர்.சி. அவள் பேரில் இருந்திருந்தால் இந்தச் சிரிப்பும் டீயும் எருமையும் நடந்து முடிந்து, சாயங்காலம் வழக்கம்போலச் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றி, "கையில என்ன பிளாஸ்திரி" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று போயிருப்பாள். கேட்டிருப்போமா? கேட்டிருப்போம். கேட்டிருக்க மாட்டோமா என்ன.

அப்போதுதான் அவள் கண்ணை நிமிர்த்திப் பார்த்தாள், அவன் அந்தக் கண்ணைப் பார்த்தான். கறுப்பாக, அகலமாக, பளபளவென்று இருந்தது. கருமணியைச் சுற்றி இருக்கிற பழுப்பு வளையம் ஒரு நூலளவுக்கு ஒடுங்கிப்போய், கண் முழுக்கக் கறுப்பாக விரிந்து கிடந்தது. நாசரேத்தில் அவளைப் பெண் பார்க்கப் போன அன்று ஜன்னல் பக்கமிருந்து திரும்பி அவனைப் பார்த்தாளே, அந்தக் கண். இல்லை, அன்றுகூட இவ்வளவு இல்லை. சந்தோஷமான எதையாவது பார்த்தால் மனுஷனுக்குக் கருமணி விரியும் என்று லென்ஸ் கம்பெனிக்காரன் ஒருத்தன் ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறான். குழந்தையைப் பார்த்தால் தாய்க்கு விரியும், பிடித்தமானவனைப் பார்த்தால் பெண்ணுக்கு விரியும் என்று சொல்லிவிட்டுக் கண்ணடித்தான், எல்லோரும் சிரித்தார்கள், ஜெபசிங்கும் சிரித்தான். இந்த வழுக்கைக்கா விரிந்திருக்கிறது? இந்த எருமைக் கதைக்காரனுக்கா? புதன்கிழமை இது, பள்ளிக்கூடம் இருக்கிறது. இந்த நேரத்தில் அவள் போர்டுக்கு முன்னால் நிற்க வேண்டியவள், சமாதானபுரத்தில் என்ன வேலை? காலையில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டுதானே போனாள். லீவு என்று சொல்லவில்லை. மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதிலிருந்தே வீட்டில் யாரும் எதையும் சொல்வதில்லை, கரண்ட் பில்லும் கேஸ் சிலிண்டரும் தவிர. சொல்லாமல் லீவு போட்டவள், சொல்லாமல் எங்கோ போனவள், அங்கே இடித்தது இந்த ஆளின் கார். ஒருவேளை இடித்ததால் பழக்கமானவன் இல்லையோ? முன்பே பழக்கமானவன்தான் இடித்தானோ? ஏதோ சண்டை, இவள் கோபமாக ஸ்கூட்டரை எடுக்க, அவன் பின்னாலேயே காரில் வர. சீ, என்ன புத்தி இது. ஆனால் அந்தப் புத்தி நிற்கவில்லை. ரவுண்டானாவைச் சுற்றுகிற வண்டி மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது. கண்ணாடி, டீத் தம்ளர், கருமணி, டீச்சர். கண்ணாடி, டீத் தம்ளர்.

"சார், இப்படி வாங்க" என்று மேஜைக்குப் பின்னாலிருந்து எஸ்.எஸ்.ஐ. சங்கரபாண்டி கூப்பிட்டார். நரைத்த மீசை, தினமும் இந்த மாதிரி நாலு பேரைப் பார்த்துச் சலித்த, ஆனால் சிடுசிடுக்காத முகம். ஆர்.சி.யை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ரெண்டு பேருக்கும் லைசென்ஸ் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு. சாரை ஊதச் சொல்லிப் பாத்தாச்சு, சுத்தமா இருக்காரு. காருல முன்லைட்டு போயிருக்கு, அவரே பாத்துக்கிடுதேங்காரு. உங்க வண்டியில ஹேண்டில் வளைஞ்சிருக்கு. யாருக்கும் பெரிய அடி இல்ல. ரெண்டு பார்ட்டியும் பேசி முடிச்சுக்கிட்டோம், மேல் நடவடிக்கை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டே இருங்க. இடிச்ச எடத்தைப் பாருங்க, சமாதானபுரம் ரவுண்டானா. எடத்துக்குப் பேரே அப்படி, பொறவு என்ன?" தினமும் சொல்கிற நகைச்சுவை போல, சொல்லிவிட்டுத் தானே லேசாகச் சிரித்தார். பெஞ்சிலிருந்த இரண்டு பேரும் கூடவே சிரித்தார்கள். ஒரே நேரத்தில், ஒரே அளவில். அதுதான் ஜெபசிங்கை என்னவோ செய்துவிட்டது. "இல்ல சார், கேஸ் போடணும்" என்றான். குரல் அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "ஒரு பொம்பள வண்டியில போறா, இடிச்சுத் தள்ளிட்டு உக்காந்து கதை பேசினா சரியாப் போச்சா? வண்டி என் பேருல இருக்கு. நான் கம்ப்ளெய்ண்ட் தாரேன். எப்.ஐ.ஆர். போடுங்க."

சங்கரபாண்டி பேனாவை மூடினார். கோபப்படவில்லை. "போடணும்னா தாராளமாப் போடுதேன், எனக்கென்ன. என்ன நடக்கும்னு மட்டும் சொல்லிருதேன். வீட்டம்மாவ ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி காயத்துக்குச் சீட்டு வாங்கணும். ரெண்டு வண்டியும் இந்த வாசல்லதான் நிக்கும். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பாத்து எழுதிக் குடுத்தாத்தான் வெளிய விட முடியும். பொறவு கோர்ட்டு, வாய்தா. சார் கவர்மெண்டு உத்தியோகம், அவரு ஆபீசுல பதில் சொல்லணும். ரவுண்டானாவுல கேமரா இருக்கு, அதையும் எடுப்போம். எடுத்தா யாரு மேல தப்புங்கறத கேமராதான் சொல்லும், நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. பாத்துக்கிடுங்க." எடுக்கட்டும், எல்லாவற்றையும் எடுக்கட்டும் என்று ஜெபசிங்குக்குத் தோன்றியது. கேமராவில் அதற்கு முன்னால் நடந்ததும் இருக்குமே, இவள் எங்கிருந்து வந்தாள், அவன் எங்கிருந்து வந்தான் என்று. கோர்ட்டுக்கு அலையட்டும். இந்த ஆள் இங்கிருந்து சிரித்துக்கொண்டே எழுந்து போகக் கூடாது, அது ஒன்றுதான் வேண்டும். அந்த ஆள் ஏதாவது கெஞ்சுவான் என்று திரும்பிப் பார்த்தான். கெஞ்சினால் கொஞ்சம் நன்றாக இருக்கும். கோமதிநாயகம் கெஞ்சவில்லை. "ப்ரமோஷன் லிஸ்டுல பேரு இருக்கு சார், இப்ப கேஸுன்னா தள்ளிப் போவும். இருந்தாலும் உங்க மனசுக்குச் சரின்னு பட்டதச் செய்யுங்க" என்றான். சொல்லிவிட்டு எப்சிபாவை ஒரு தடவை பார்த்தான், உடனே தரையைப் பார்த்தான். எதையோ தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிறவனின் பார்வை. பார்த்தாயா, பார்த்தாயா என்று ஜெபசிங்கின் நெஞ்சு அடித்துக்கொண்டது. இவர்களுக்குள் ஏதோ இருக்கிறது.

"அவங்க மேல தப்பு இல்ல" என்றாள் எப்சிபா. பெஞ்சிலிருந்து எழுந்து மேஜைக்கு வந்தாள், வருகிற வழியில் இடது இடுப்பு ஒரு நாற்காலியில் இடித்தது, இடித்ததை அவள் பொருட்படுத்தவில்லை. "நான்தான் சடாருன்னு இடப்பக்கம் திருப்பினேன். காரு வாரது எனக்குத் தெரியல." "ஹாரன் அடிச்சேன்னு சொன்னாரே, கேக்கலியா டீச்சர்?" என்று எஸ்.எஸ்.ஐ. கேட்டார். "கேட்டுச்சு. திரும்பிப் பாத்தேன். அப்பவும் தெரியல." சங்கரபாண்டி அவளையே பார்த்தார். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டு, வகுப்பில் கணக்குச் சொல்கிற அதே நிதானத்தோடு சொன்னாள். "கண்ணாஸ்பத்திரியில இருந்து வந்துக்கிட்டு இருந்தேன். உள்ள பாக்கணும்னு ரெண்டு கண்ணுலயும் மருந்து விட்டாங்க. வெளிச்சமெல்லாம் கூசுது, வண்டி ஓட்டாதிய, கூட ஆள் இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன். மருந்து மட்டும் காரணமில்ல. இடது கண்ணுல ஓரப் பார்வை போயிருச்சாம். கண்ணுக்குள்ள அழுத்தமாம். கொஞ்சங் கொஞ்சமாப் போயிருக்கு, எனக்கே தெரியல. இனி போகாமப் பாத்துக்கிடலாம், போனது திரும்பாதுன்னு சொன்னாங்க." பெண் காவலர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டாள். சங்கரபாண்டி மேஜையிலிருந்த தாளை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "இத நான் எழுதல டீச்சர். எழுதினா லைசென்சு, இன்சூரன்சுன்னு எங்கெங்கயோ இழுக்கும். ஆனா ஒண்ணு, இனி வண்டியத் தொடாதிய" என்றார். "வீட்டுல யாருகிட்டயும் சொல்லலியா?" "இவங்ககிட்ட சொன்னேன்" என்று அவள் கையைக் காட்டியது கோமதிநாயகத்தை.

மருந்து. கருமணியை விரிக்கிற சொட்டு மருந்து. அதை விட்டுக்கொண்டு, கண் கூசக் கூசத் தன் கடைக்குச் சீட்டோடு எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேரை "மருந்து வேகம் அடங்கட்டும், சாயங்காலமா வாங்க, பவர் பாக்கேன்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறான். தெருவில் போகிற எவளுடைய கண்ணாக இருந்தாலும் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பான். தன் பெண்டாட்டியின் கண்ணைப் பார்த்துவிட்டு அவன் கண்டுபிடித்தது வேறு. வெட்கம் காது வரைக்கும் சுட்டது. சோற்றுத் தட்டுக்கு இடப்பக்கம் வைத்த தண்ணீர்த் தம்ளரை அவள் எத்தனை தடவை தட்டி விட்டிருக்கிறாள். "கையில கண்ணு இருக்கா, தலையில கண்ணு இருக்கா" என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறான். போன வருஷம் ஒருநாள் கடைக்கு வந்து, "என்னவோ மாதிரி இருக்கு, தலை வலிக்கி, கதவு நிலையில எல்லாம் இடிக்கேன்" என்றாள். நாற்காலியில் உட்கார வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னான். கடைசி வரி வரைக்கும் தடங்கலில்லாமல் படித்தாள். "உனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல, மனசுலதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். நேராக இருப்பதைப் படிக்கிறதற்குத்தான் அந்தப் பலகை, ஓரத்தில் என்ன போயிருக்கிறதென்று அது சொல்லாது, அது அவனுக்குத் தெரியாதா? தெரியும். கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கு அவள் எழுந்து, "சரி" என்று சொல்லிவிட்டு, கடைக் கண்ணாடிக் கதவில் தோளை இடித்துக்கொண்டு வெளியே போனாள். எந்தத் தோள்? இடது தோளாகத்தான் இருக்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்து வந்து அமுக்குகிறபோதும், இவ்வளவுக்கும் அடியில், அந்தப் பழைய பிராணி சாகவில்லை. கை நீட்டிக் காட்டினாளே, இவங்ககிட்ட சொன்னேன் என்று. அவள் வாயிலிருந்து அது முதன்முதலாக விழுந்தது அந்த ஆளின் காதில். ரோட்டில், வெயிலில், கூட்டம் கூடி நிற்க, கீழே கிடந்தவள் சொல்லியிருக்கிறாள், அவன் குனிந்து கேட்டிருக்கிறான். அவன் இவ்வளவு நேரமும் அதைச் சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். ப்ரமோஷன் போகும் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டியது அவள் என்று விட்டுவிட்டான். அந்தப் பெரிய மனசைத்தான் ஜெபசிங்கால் மன்னிக்க முடியவில்லை. திருட்டுப்பயலாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

எழுதிக் கொடுத்தார்கள். பெண் காவலர் சொல்லச் சொல்ல எப்சிபாவே எழுதினாள், அழகான டீச்சர் கையெழுத்து, வரி மட்டும் இடப்பக்கம் ஒழுங்கில்லாமல் எங்கெங்கோ ஆரம்பித்தது. கோமதிநாயகம் கையெழுத்துப் போட்டான், வண்டியின் சொந்தக்காரர் என்ற முறையில் ஜெபசிங்கும் போட்டான். ஹேண்டில் வளைந்த ஸ்கூட்டரை மெக்கானிக் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று எஸ்.எஸ்.ஐ. சொல்லிவிட்டார். வாசலில் கோமதிநாயகம், "எங்கம்மாவுக்கும் இதே கண் அழுத்தந்தான் டீச்சர், சொட்டு மருந்த ஒரு நாளும் விட்டுராதிய" என்று சொல்லி, ஜெபசிங்கைப் பார்த்து, "வாரேன் சார்" என்று கும்பிட்டான். ஜெபசிங்கின் கை பாதிக் கும்பிடு வரைக்கும் போய் நின்றது. ஒற்றைக் கண் உடைந்த கார் கிளம்பித் திரும்புகிறவரை எப்சிபா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். வெயில் கூசி அவள் கண்ணில் நீர் வழிந்தது. வெயில்தானே? மருந்துதானே? பார், மறுபடியும்.

ரோட்டைக் கடந்துதான் ஆட்டோ பிடிக்க வேண்டும். இருவரும் வேலி நிழலில் நடந்தார்கள். கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, "என்கிட்டச் சொல்லாம அவங்ககிட்ட ஏன் சொன்ன?" என்று கேட்டான். சண்டைக்குக் கேட்கிற மாதிரித்தான் அது வெளியே வந்தது. அவள் கோபப்படவில்லை. யோசித்துப் பார்த்தாள், தனக்கே காரணம் தெரிய வேண்டும் போல. "அவங்க கேட்டாங்க" என்றாள். "காருல இருந்து எறங்கி ஓடி வந்து, ஏன் பாத்து வரமாட்டியான்னு கேக்கல. உங்களுக்கு என்னம்மா செய்யுதுன்னு கேட்டாங்க. சொன்னேன்." அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஜெபசிங் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், உள்ளே ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை. மூன்று வார்த்தை. உனக்கு என்ன செய்யுது. தானும் இப்போது கேட்கலாம், நாக்கு நுனியில் இருந்தது. இப்போது கேட்டால் அவனைப் பார்த்துக் கேட்ட மாதிரி ஆகிவிடாதா? அந்த ஆளிடம் கடன் வாங்கின கேள்வி மாதிரி? "எந்த டாக்டரு பாத்தாரு?" என்று கேட்டு வைத்தான். அவள் பேர் சொன்னாள். "நல்ல டாக்டருதான்" என்றான்.

கடக்கிற இடத்தில் நின்றார்கள். வலப்பக்கமிருந்து பஸ்கள் வந்துகொண்டிருந்தன, இடப்பக்கம் மணல் லாரி ஒன்று சைகையை மதிக்காமல் ஒடித்து வருவது தெரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதை அவன் பார்த்தான், அவள் முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. அவ்வளவு பெரிய லாரி அவளுக்கு இல்லவே இல்லை. சட்டென்று அவளுக்குப் பின்னால் சுற்றி, அவளுடைய வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் போய் நின்றான், லாரிக்கும் அவளுக்கும் நடுவில். லாரி காற்றை வாரி அடித்துக்கொண்டு போனது. எப்சிபா வலப்பக்கம் திரும்பினாள். அவன் நின்ற இடம் காலி. பின்னால் பார்த்தாள். கூட்டத்தில் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "என்னங்க?" என்றாள். பிறகு, குரல் கொஞ்சம் உயர்ந்து, "எங்க போயிட்டிய?" ஒரு கையெட்டும் தூரத்தில், அவளுடைய தோளுக்குப் பக்கத்தில், அவளுக்கு இல்லாமல் போன ஓரத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் தேடுகிறாள். இந்தத் தெருவில் இத்தனை பேர் இருக்க, சிரிக்க வைத்தவன் காரேறிப் போய்விட்டான், அவள் தேடுவது தன்னை. இன்னும் ஒரே ஒரு தடவை தேடட்டும். அந்த ஆசை எவ்வளவு கேவலமானது என்று தெரிந்தே, ஒரு மூச்சு நேரம் அதை வைத்திருந்தான். அவள் கை காற்றில் நீண்டு, விரல்கள் ஒன்றுமில்லாததைத் துழாவின. அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"இங்கதான் இருக்கேன்" என்றான்.

அவள் முகத்தை முழுசாகத் திருப்பி, கூசுகிற கண்ணை இடுக்கிக்கொண்டு, மெல்ல அவனைக் கண்டுபிடித்தாள்.